அர்ஜுன் அட்வால்

அர்ஜுன் அட்வால் (பிறப்பு: மார்ச் 20, 1973, அசன்சோல், மேற்கு வங்காளம்) இந்தியாவில் பிறந்த தொழில்முறைக் குழிப்பந்தாட்ட (கோல்ஃப்) வீரர் ஆவார். ஐரோப்பிய டூர் போட்டி ஒன்றில் வென்ற முதல் இந்தியர் (2002), அமெரிக்காவின் பிஜிஏ டூர் போட்டி ஒன்றில் வென்ற முதல் இந்தியர் (2010) ஆகிய இரு சிறப்புகளும் இவருக்கு உண்டு. இவற்றுள் இரண்டாவது வெற்றி கிடைத்த வாரத்தில் இவர் அந்த டூரின் உறுப்பினராகவே இல்லை. தகுதிச் சுற்று ஒன்றில் ஆடி உள்ளே வந்து கோப்பையை வென்றார். இது எவ்வளவு அரிதான நிகழ்வு என்பதை உணர, அமெரிக்கத் தொழில்முறைக் கோல்ஃபில் ஆடும் உரிமை எவ்வாறு வழங்கப்படுகிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

இளமை

அட்வால் வளர்ந்தது கொல்கத்தாவில். பதினான்காவது வயதில் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், டாலிகஞ்ச் கிளப் ஆகியவற்றின் திடல்களில் ஆடத் தொடங்கினார். 1829இல் நிறுவப்பட்ட ராயல் கல்கத்தா, பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே அமைந்த மிகப் பழைய கோல்ஃப் கிளப் ஆகும்.

இந்தியாவில் இவ்விளையாட்டிற்குள் நுழைய நெடுங்காலமாக இரண்டு வாயில்களே இருந்துள்ளன. ஒன்று கிளப்பில் உறுப்பினரான குடும்பத்தில் பிறப்பது. மற்றொன்று அதே கிளப்பில் பை சுமக்கும் கேடியாகவோ புல்தரை பராமரிப்பவரின் பிள்ளையாகவோ வளர்வது. 1991இல் இந்திய ஓப்பன் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரரான அலி ஷேர் கேடியாக இருந்தவர். பின்னாளில் அதே போட்டியை இருமுறை (2016, 2017) வென்ற எஸ். எஸ். பி. சௌராசியா, ராயல் கல்கத்தா திடலைப் பராமரித்தவரின் மகன். அட்வால் முதல் வாயில் வழியாக வந்தவர். நியூயார்க் மாநிலத்தின் நாசோ சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் பயின்றதால் அமெரிக்கத் திடல்களும் அவருக்கு இளமையிலேயே பழகியிருந்தன. 1995இல் தொழில்முறை வீரரானார்.

ஆசியாவிலும் ஐரோப்பாவிலும்

1999இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார். 2002இல் சிங்கப்பூர் மாஸ்டர்ஸ் போட்டியில் பெற்ற வெற்றியே ஐரோப்பிய டூரில் ஓர் இந்தியரின் முதல் வெற்றியாகும். அப்போட்டி ஆசிய, ஐரோப்பிய டூர்கள் இரண்டும் சேர்ந்து நடத்தியது. ஆசியாவில் ஆடிக்கொண்டே ஐரோப்பிய உரிமையையும் பெற இத்தகைய கூட்டுப் போட்டிகள் வழி திறந்தன. 2003இல் மலேசிய ஓப்பனையும் வென்று, அவ்வாண்டு ஆசிய டூரின் பரிசுப்பணத் தரவரிசையில் முதலிடம் பெற்றார். முந்தைய ஆண்டில் அவ்விடத்தைப் பெற்றவர் மற்றோர் இந்தியரான ஜோதி ரந்தாவா.

டூர் கார்டு

கிரிக்கெட் அணியில் இருப்பவருக்கு வாரியம் சம்பளம் தருகிறது. கோல்ஃப் வீரருக்குப் பொதுவாகச் சம்பளம் தருபவர் எவரும் இல்லை. பயணம், தங்குமிடம், கேடியின் ஊதியம் அனைத்தும் அவர் பொறுப்பே. பொதுவாக ஒரு போட்டி நான்கு நாட்கள், நாளுக்கு ஒரு சுற்று (18 குழிகள்) என நடைபெறும். முதல் இரண்டு நாட்களின் முடிவில் ஏறக்குறைய பாதிப்பேர் வெளியேற்றப்படுவர். வழக்கமான போட்டிகளில் அவ்வாறு வெளியேறுபவருக்குப் பரிசுப்பணம் எதுவும் கிடையாது. வந்த செலவு அவருடையது.

வாரந்தோறும் நடக்கும் பிஜிஏ டூர் போட்டிகளில் ஆடும் உரிமையை வீரர்கள் வழக்கில் டூர் கார்டு என்பர். அட்வால் ஆடிய காலத்து விதிகளின்படி, ஆண்டு இறுதியில் பரிசுப்பணப் பட்டியலின் முதல் 125 இடங்களுக்குள் இருப்பவர் கார்டைத் தக்கவைத்துக்கொள்வார். போட்டி ஒன்றை வென்றவருக்கு அவ்வாண்டின் எஞ்சிய பகுதிக்கும் அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளுக்கும் உரிமை உண்டு. மற்றவர்கள் கியூ ஸ்கூல் எனப்படும் தகுதித் தேர்வுப் போட்டி வழியாகவோ, இரண்டாம் நிலை டூரில் சிறப்பாக ஆடியோ மீண்டும் வர வேண்டும். ஸ்கூல் என்ற பெயர் இருந்தாலும் அங்கே எதுவும் கற்பிக்கப்படுவதில்லை. பல கட்டங்களாக நடைபெறும் அத்தேர்வில் ஒரே ஓர் அடி ஓராண்டுப் பிழைப்பைத் தீர்மானித்துவிடும்.

காயமடைந்தவர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. காயத்தால் ஆட முடியாது போன போட்டிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அடுத்த பருவத்தில் சில வாய்ப்புகள் தரப்படும். அக்காலத்தில் அந்த வாய்ப்புகளுக்குள், 125ஆம் இடத்தில் இருந்தவர் ஈட்டிய தொகையை அவரும் எட்ட வேண்டியிருந்தது. எட்டாவிடில் கார்டு பறிபோகும்.

இவை எதுவும் இல்லாதவருக்கு எஞ்சியிருப்பது திங்கட்கிழமைத் தகுதிச் சுற்று. போட்டி தொடங்கும் வாரத்தின் திங்களன்று ஒரே ஒரு சுற்று ஆடப்படும். அக்காலத்தில் பெரும்பாலும் நான்கு இடங்கள்தான் இருந்தன. அவற்றுக்கு முன்னாள் உறுப்பினர், இளம் தொழில்முறை வீரர், உள்ளூர் பயிற்சியாளர் எனப் பலரும் மோதுவர்.

அமெரிக்காவில் (2004–2009)

2003 டிசம்பரில் கியூ ஸ்கூலில் தேறிய அட்வால், பிஜிஏ டூர் கார்டைப் பெற்ற முதல் இந்தியரானார். 2005இல் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த பெல்சவுத் கிளாசிக் போட்டியில் பட்டத்தை மிக நெருங்கினார். மழையால் மூன்று சுற்றுகளாகச் சுருக்கப்பட்ட அப்போட்டியின் முடிவில் ஐவர் சமநிலையில் இருந்தனர். சமநிலை முறிக்க ஆடப்பட்ட கூடுதல் குழிகளில் பில் மிக்கெல்சன் வென்றார். மற்ற நால்வருள் அட்வாலும் ஒருவர்.

அடுத்த சில ஆண்டுகளில் கார்டு கையை விட்டுப் போயிற்று. 2008இல் மலேசிய ஓப்பனை இரண்டாம் முறையாக வென்றார். அதே ஆண்டு, அப்போது நேஷன்வைடு டூர் என அழைக்கப்பட்ட இரண்டாம் நிலை டூரில் சட்டனூகா கிளாசிக் போட்டியையும் வென்று, 2009 பருவத்திற்கான கார்டை மீட்டார். ஆனால் எடை தூக்கும் பயிற்சியின்போது தோளில் ஏற்பட்ட காயத்தால் அப்பருவம் பாதியில் நின்றது. 2010இல் மேற்கூறிய காயச் சலுகையின் கீழ் ஆடினார். தேவையான தொகையை எட்ட முடியவில்லை. அவ்வாண்டு ஜூலையில் கார்டை இழந்தார். அப்போது அவருக்கு வயது 37.

விண்டம் சாம்பியன்ஷிப், 2010

வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில், செட்ஜ்ஃபீல்டு கன்ட்ரி கிளப் திடலில் நடந்த விண்டம் சாம்பியன்ஷிப், ஃபெடெக்ஸ் கோப்பைக்கான இறுதிக்கட்டப் போட்டிகளுக்கு முந்தைய வாரத்தில் அமைந்தது. கார்டு இல்லாத அட்வால் ஆகஸ்ட் 16, திங்களன்று தகுதிச் சுற்றில் ஆடி இடம் பிடித்தார்.

வியாழனன்று முதல் சுற்றை 61 அடிகளில் முடித்தார். செட்ஜ்ஃபீல்டு திடலின் பார், அதாவது 18 குழிகளுக்கும் தேர்ந்த ஆட்டக்காரர் எடுக்கக்கூடும் எனக் கொள்ளப்படும் அடிகள், 70 ஆகும். எனவே 61 என்பது பாரைவிட ஒன்பது குறைவு. அடுத்த மூன்று நாட்களில் 67, 65, 67. மொத்தம் 260, பாரைவிட இருபது குறைவு.

முன்னதாக மேஜர் பட்டம் ஒன்றை வென்றிருந்த டேவிட் டாம்ஸ், பாரைவிடப் பத்தொன்பது குறைவாக ஆட்டத்தை முடித்திருந்தார். அட்வால் கடைசிக் குழியில் ஏறக்குறைய ஏழு அடித் தொலைவிலிருந்து பந்தைக் குழியில் இட வேண்டியிருந்தது. விழுந்தால் பட்டம், தவறினால் டாம்ஸுடன் கூடுதல் குழிகள். பந்து விழுந்தது.

மொத்தப் பரிசுத் தொகை 51 இலட்சம் அமெரிக்க டாலர். அதில் வெற்றியாளரின் பங்கான 18 விழுக்காடு, 9,18,000 டாலர். எனினும் அவருக்கு அதைவிடப் பெரிய பரிசு 2012 முடிய ஆடும் உரிமையே எனலாம். விந்தையான விளைவு ஒன்றும் உண்டு. வெற்றி பெற்ற கணத்தில் அவர் உறுப்பினர் அல்லர் என்பதால் ஃபெடெக்ஸ் கோப்பைப் புள்ளிகள் வழங்கப்படவில்லை. அப்போட்டியில் அவருக்குப் பின்னால் முடித்த பலர் அடுத்த வாரம் இறுதிக்கட்டத்தில் ஆடினர். வென்றவர் ஆட இயலவில்லை.

திங்கட்கிழமைத் தகுதிச் சுற்றின் வழியே வந்து பிஜிஏ டூர் போட்டியை வென்றவர், அதற்கு முன் 1986இல் சதர்ன் ஓப்பனை வென்ற ஃபிரெட் வாட்ஸ்வொர்த். அட்வாலுக்குப் பின் அதைச் செய்தவர் கனடாவின் கோரி கானர்ஸ் (2019, டெக்சாஸ் ஓப்பன்). வாட்ஸ்வொர்த்துக்கும் அட்வாலுக்கும் இடையே இருபத்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. திறமை குறைந்தவர்களே திங்களன்று ஆட வருவர் என்று இதிலிருந்து முடிவு செய்வது சரியாகாது. வியாழனன்று தொடங்கும் போட்டியில் ஏறக்குறைய 150 பேர் ஆடுகையில், நான்கு இடங்கள் வழியாக வருவோரில் ஒருவர் முதலிடம் பெறுவது எண்ணிக்கை அளவிலேயே அரிது. அதோடு அவர்கள் அவ்வாரத்தில் ஐந்து நாட்கள் தோல்வி தாங்காத ஆட்டம் ஆட வேண்டியுள்ளது.

பிற்காலம்

2011இல் மாஸ்டர்ஸ் போட்டியில் முதன்முறையாக ஆடினார். அப்போட்டியில் ஆடிய முதல் இந்தியர் ஜீவ் மில்கா சிங் (2007) ஆவார். வெற்றியால் கிடைத்த உரிமைக் காலம் முடிந்த பின், முன்னாள் வெற்றியாளர் என்ற வகையில் ஆண்டுக்குச் சில போட்டிகளில் மட்டுமே இடம் கிடைத்தது. புளோரிடா மாநிலத்தின் ஓர்லாண்டோ பகுதியில் வாழ்ந்த காலத்தில் டைகர் உட்ஸுடன் சேர்ந்து பயிற்சி செய்பவராகவும் இவர் அறியப்பட்டிருந்தார்.

2014 டிசம்பரில், 41ஆம் வயதில், ஆசிய டூரின் துபாய் ஓப்பனை வென்றார். 2023இல் 50 வயது நிறைந்தபின் மூத்தோருக்கான பிஜிஏ டூர் சாம்பியன்ஸ் போட்டிகளில் ஆடியுள்ளார்.

அனிர்பன் லாகிரி 2022இல் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில் இரண்டாம் இடம் பெற்றார். இந்திய வம்சாவளியினரான அமெரிக்கர்கள் சாகித் தீகலா (2023), அக்ஷய் பாட்டியா (2023, 2024) ஆகியோர் பிஜிஏ டூர் பட்டங்களை வென்றுள்ளனர். 2024இல் இந்திய வம்சாவளியினரான மற்றொருவர், இங்கிலாந்தின் ஏரன் ராய், வென்றதும் ஒரு விண்டம் சாம்பியன்ஷிப்பே. அதே செட்ஜ்ஃபீல்டு திடலில்.