கேழ்வரகுக்கு நீர் கொடுக்கும் பூஞ்சணம்

நம் ஊரிகத்தைச் சூழ்ந்த செம்மண்ணில் விளையும் கேழ்வரகு ஒரு புல்லினம். அதன் வேருக்குள்ளே ஒருவகைப் பூஞ்சணம் குடியிருக்கிறது. பூஞ்சணமென்றாலே ஊறுகாய் ஜாடியைக் கெடுப்பது என எண்ணுகிறோம். இதுவோ பயிரிடம் சர்க்கரை பெற்று, மெல்லிய இழைகளை மண்ணில் நீட்டி, வேருக்கு எட்டாத மணிச்சத்தைக் கொணர்ந்து தருகிறது.

கேழ்வரகினூடே துவரை விதைப்பது இச்சீமையின் பழைய வழக்கம். சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக அறிஞர்கள் இவ்விரு பயிர்களையும் சேர்த்து வளர்த்து ஆராய்ந்து, 2019இல் முடிவை வெளியிட்டனர். துவரையின் ஆழ்வேர் அடிமண்ணில் உறிஞ்சிய நீர், இப்பூஞ்சண வலையின் துணையால், வறண்ட மேல்மண்ணில் நிற்கும் கேழ்வரகை எட்டுகிறதாம்! நம் முன்னோர் காரணம் அறியாமலே காரியத்தைச் செய்து வந்திருக்கின்றனர்.

சூப்பர் பாஸ்பேட்டை அளவின்றி இட்டால் இப்பூஞ்சணம் குன்றிவிடும். ஆற்காட்டுப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருக்கும் அன்பர்கள், துவரைச் சாலை வீணென்று நீக்குமுன் இதனைக் கருதுவாராக.