மேல்மடையின் நலமும் கடைமடையின் குடிநீரும்: டெலவேர் கவுண்டி நீர்ப்பிடிப்புப் பகுதி

ஆய்வுச் சுருக்கம்

குடிநீரின் தரம் சுத்திகரிப்பு நிலையத்தில் மட்டும் உருவாவதன்று. மழைநீர் விழுந்தோடும் நிலத்தின் நலத்தோடும் அது பிணைந்துள்ளது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள டெலவேர் கவுண்டியைச் சான்றாகக் கொண்டு, அந்நிலத்தைக் காக்கும் பொறுப்பும் செலவும் பகிர்ந்துகொள்ளப்பட்ட முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குடிநீர்த் தரம், நீர்ப்பிடிப்புப் பகுதி, பாஸ்பரஸ், டெலவேர் கவுண்டி, கேட்ஸ்கில்.

முன்னுரை

ஓர் ஆற்றுக்கோ நீர்த்தேக்கத்துக்கோ நீர் வழங்கும் நிலப்பரப்பு முழுவதும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி எனப்படும். அங்குள்ள காடு, மேய்ச்சல் நிலம், சாலை, வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி ஆகிய அனைத்தும் நீரின் தன்மையைத் தீர்மானிக்கின்றன. அந்நிலத்தில் வாழ்வோர் வேறாகவும் அந்நீரைப் பருகுவோர் வேறாகவும் இருக்கும்போது, நிலத்தைக் காக்கும் செலவு யாரைச் சாரும் என்னும் வினா எழுகிறது. இவ்வினாவுக்கு விடை காண முயன்ற இடங்களுள் டெலவேர் கவுண்டி குறிப்பிடத்தக்கது. கவுண்டி என்பது அமெரிக்க மாநிலத்தின் உட்பிரிவு. ஏறத்தாழ மாவட்டத்துக்கு நிகரானது.

நிலமும் நீர்த்தேக்கங்களும்

டெலவேர் கவுண்டி கேட்ஸ்கில் மலைத்தொடரின் மேற்குப் பகுதியில் அமைந்துள்ளது. டெலவேர் ஆற்றின் கிழக்கு, மேற்குக் கிளைகள் இங்கு ஓடுகின்றன. நியூயார்க் நகரின் தேவைக்காகக் கிழக்குக் கிளையில் கட்டப்பட்ட பெபாக்டன் நீர்த்தேக்கம் 1955இலும், மேற்குக் கிளையில் கட்டப்பட்ட கேனன்ஸ்வில் நீர்த்தேக்கம் 1964இலும் பயன்பாட்டுக்கு வந்தன. இவ்விரண்டுக்காகவும் பல சிற்றூர்கள் நீரில் மூழ்கின. 1,800க்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். நகரின் மீது இம்மலைமக்கள் கொண்ட ஐயம் இவ்விழப்பிலிருந்து தோன்றியது எனலாம். பிற்கால உடன்பாடுகளைப் புரிந்துகொள்ள இப்பின்னணி இன்றியமையாதது.

மாசின் வழிகள்

இக்கவுண்டியின் மரபான தொழில் பால்பண்ணை. மாட்டுச் சாணத்திலும் எருவிலும் உள்ள பாஸ்பரஸ், மழையாலும் பனி உருகுவதாலும் அரிக்கப்படும் மண்ணோடு கலந்து ஓடைகளை அடைகிறது. சிற்றூர்களின் கழிவுநீரும் இதனோடு சேர்கிறது. நீர்த்தேக்கத்தில் பாஸ்பரஸ் மிகும்போது பாசி பெருகுகிறது. பாசி மடிந்து சிதையும்போது ஆழ்நீரின் ஆக்சிசன் குறைகிறது. எஞ்சும் கரிமப்பொருள், கிருமிநீக்கத்துக்காகச் சேர்க்கப்படும் குளோரினோடு வினைபுரிந்து, உடல்நலத்துக்குக் கேடான துணைப்பொருள்களை உண்டாக்குகிறது.

இரண்டாவது இடர் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி. இளங்கன்றுகளின் சாணத்தில் இது மிகுதியாக வெளிப்படக்கூடும். குளோரினால் எளிதில் அழிவதில்லை. 1993இல் மில்வாக்கி நகரின் குடிநீரில் இது கலந்ததால் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் நோயுற்றனர் என மதிப்பிடப்பட்டது. மேல்மடையிலுள்ள கன்றுத் தொழுவம் நகரின் பொதுச் சுகாதாரத்தோடு கொண்டுள்ள தொடர்பை இதனால் உணரலாம்.

1997ஆம் ஆண்டு உடன்பாடு

மேற்பரப்பு நீரைக் குடிநீராக வழங்கும் அமைப்புகள் அதனை வடிகட்ட வேண்டும் என அமெரிக்க அரசு 1989இல் விதி வகுத்தது. நீர்ப்பிடிப்புப் பகுதியைப் போதிய அளவு காப்பதாக மெய்ப்பிக்கும் அமைப்புகளுக்கு விலக்கும் அளித்தது. கேட்ஸ்கில், டெலவேர் நீருக்கான வடிகட்டல் நிலையம் அமைக்க 600 கோடி டாலரோ அதற்கு மேலோ ஆகும் என அன்று மதிப்பிடப்பட்டது. ஆகவே நகர நிர்வாகம் மேல்மடையில் கடுமையான நிலப்பயன்பாட்டு விதிகளை முன்மொழிந்தது. தங்கள் வாழ்வாதாரம் முடங்கும் என அஞ்சிய உள்ளூராட்சிகள் 1991இல் கூட்டமைப்பாக இணைந்து எதிர்த்தன.

நெடிய பேச்சுவார்த்தைக்குப்பின் 1997 சனவரியில் உடன்பாடு கையொப்பமானது. நகரம், மாநிலம், நடுவண் சுற்றுச்சூழல் முகமை, உள்ளூராட்சிகள், சூழலியல் அமைப்புகள் ஆகியன அதில் பங்கேற்றன. விற்க விரும்புவோரிடமிருந்து மட்டுமே நகரம் நிலம் வாங்கும். அந்நிலத்துக்குச் சொத்துவரியும் செலுத்தும். கழிவுநீர் நிலையங்களை மேம்படுத்தவும், பழுதான வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிகளைச் சீரமைக்கவும் நகரம் நிதி வழங்கும்.

பண்ணைகளைப் பொறுத்தவரை, உழவர்களே வழிநடத்தும் நீர்ப்பிடிப்பு வேளாண் மன்றம் 1993இலேயே உருவாகியிருந்தது. ஒவ்வொரு பண்ணைக்கும் ஏற்பத் திட்டம் தீட்டப்படுகிறது. மாடுகள் ஓடையில் இறங்காதவாறு வேலியிடுதல், கரையோரம் மரங்கள் நடுதல், எருவைச் சேமித்து உரிய காலத்தில் மட்டும் இடுதல் போன்ற பணிகள் நகரின் நிதியால் நிறைவேறுகின்றன. பங்கேற்பு விருப்பத்தின் பாற்பட்டது. இத்தகைய பண்ணைப் பணிகளாலும் கழிவுநீர் நிலைய மேம்பாட்டாலும் கேனன்ஸ்வில் நீரில் பாஸ்பரஸ் குறைந்தது. 2002இல் அப்பகுதி பாஸ்பரஸ் கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

உள்ளூர்க் குடிநீர்

நகரின் குடிநீரைப் பேசும்போது கவுண்டி மக்களின் குடிநீர் மறக்கப்படுவதுண்டு. ஊர்ப்புற வீடுகள் பலவும் தனியார் கிணறுகளையும் ஊற்றுகளையும் சார்ந்துள்ளன. 1974ஆம் ஆண்டின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் பொது நீர்வழங்கல் அமைப்புகளுக்கே பொருந்தும். தனியார் கிணறுகளை அது கட்டுப்படுத்துவதில்லை. நகருக்குச் செல்லும் நீர் இடைவிடாது சோதிக்கப்படுகையில், நீர்த்தேக்கத்தின் அருகில் வாழ்பவர் தம் கிணற்றுநீரைத் தாமே சோதித்துக்கொள்ள வேண்டியவராகிறார். ஆயினும் சீரமைக்கப்பட்ட கழிவுநீர்த் தொட்டி நீர்த்தேக்கத்தை மட்டுமன்றி அவ்வீட்டின் நிலத்தடி நீரையும் காக்கிறது. இங்கு இருதரப்பு நலனும் ஒன்றிணைகின்றன.

முடிவுரை

வடிகட்டல் விலக்கு 2007இலும் 2017இலும் புதுப்பிக்கப்பட்டது. கட்டாயப்படுத்துவதைக் காட்டிலும் ஈடு வழங்கிப் பொறுப்பைப் பகிர்வது பயன்தரும் என்பதை இச்சான்று உணர்த்துகிறது. எனினும் குறுகிய ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வீடும் தொழிலும் அமையத்தக்க சமநிலம் அரிது. நகரம் நிலம் வாங்குவதால் அது மேலும் சுருங்கும் என்னும் உள்ளூர்க் கவலை நீடித்துவருகிறது. பால்பண்ணைத் தொழிலும் நலிந்துவருகிறது. மேல்மடை மக்கள் தம் மண்ணிலேயே வாழ்ந்து அந்நிலத்தைப் பேண இயலும் வரையில்தான் கடைமடைக்குச் செல்லும் நீரின் தூய்மைக்கு உறுதியுண்டு. ஆகவே, நீர்ப்பிடிப்புப் பகுதியின் நலத்தை மதிப்பிடுவோர் பாஸ்பரஸ் அளவோடு அங்கு வாழ்வோரின் வாழ்வாதாரத்தையும் சேர்த்தே அளவிடல் வேண்டும்.