நிரற்பெயரும் வேற்றுமை உருபும்

கணிப்பொறியியலைத் தமிழில் எழுதப் புகுவோர்க்குக் கலைச்சொல் தேட அகராதிகள் உள. நிரலுள் வரும் பெயரொன்றைப் பன்மையாக்கவோ உடைமைப் பொருளில் வழங்கவோ நேரும்போதுதான் அவர்தம் எழுதுகோல் தயங்குகிறது.

முத்து அண்ணாமலை 2009-இல் ஆய்வுக்கட்டுரை வாயிலாக அறிமுகப்படுத்திய 'எழில்' என்னும் நிரல்மொழியை எடுத்துக்கொள்வோம். பதிப்பி, நிரல்பாகம், பின்கொடு, முடி என அதன் கட்டளைச் சொற்கள் தமிழிலேயே அமைந்தவை. அதில் ஒரு மாறிக்குப் 'பாடம்' எனப் பெயரிட்டுள்ளதாகக் கொள்வோம். விளக்கவுரையில் ஆசிரியர் 'பாடத்தின் மதிப்பு' என எழுதுகிறார். இலக்கணப்படி குற்றமில்லை; மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்தது. அதைப் படித்த மாணவர் 'இன்' உருபை மட்டும் நீக்கிப் 'பாடத்து' எனத் தட்டினால் பொறி அறியாது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பொறிக்குப் புணர்ச்சி விதி ஏது? 'பாடங்கள்' என்பதோ இன்னும் இடர் தருவது. அப்பெயரில் வேறொரு பட்டியல் அதே நிரலில் இருந்துவிட்டால், எதைக் குறித்தோம் என்பது எழுதியவர்க்கே விளங்காது.

ஆங்கிலத்தில் பெயர் பெரும்பாலும் திரிவதில்லை. ஓர் 'எஸ்' ஒட்டும், அவ்வளவே. அந்த 'எஸ்' பெயரின் உறுப்போ என்னும் மயக்கம் அங்கும் எழுவதால், கூகுள் நிறுவனத்தின் எழுத்து வழிகாட்டி நிரற்பெயரைத் தொடாது, அருகே ஒரு பொதுப்பெயரை வைத்து அதனைப் பன்மையாக்கச் சொல்கிறது.

நமக்கு இது புதிதன்று. எழுத்துகளைச் சுட்டக் கரம், காரம், கான் என்னும் சாரியைகளைத் தொல்காப்பியர் கூறினார். அகரம் உருபேற்று 'அகரத்தின்' ஆகும்போது திரிவது கரமே. உள்ளிருக்கும் 'அ' அசையாது நிற்கிறது. அம்முறையே இங்கும் தகும்: 'பாடம்' என்னும் மாறியின் மதிப்பு.

பன்மையில் இதன் பயன் பெரிது. 'பதிப்பிகள்' என்றால் கட்டளைகளா, அவை வெளியிட்ட வரிகளா? 'பதிப்பி' கட்டளைகள் என எழுதும்போது, எவை பல என்பதை எழுதுவோர் முதலில் துணிந்தாக வேண்டும்.

சிலர் 'பாடம்'-இன் எனச் சிறுகோடு இடுவர். கண்ணுக்குத் தெளிவே. வகுப்பில் உரக்கப் படித்தால் 'பாடமின்றி' என்று தொடங்குவதுபோல் ஒலிக்கும்! ஆண்டெண்ணுக்கு மேலே நாமும் சிறுகோடு இட்டோம். இலக்கம் உருபேற்றுத் திரியாதாகலின் அங்குத் தீங்கில்லை.