காஃபிர் கப்பலேறிய கதை

1498இல் வாஸ்கோ ட காமா கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை அடைந்தபோது மொசாம்பிக், மொம்பாசா துறைமுகங்களில் வணிகம் முஸ்லிம்கள் கையில் இருந்தது. இஸ்லாத்தை ஏற்காத உள்நாட்டு மக்களை அவர்கள் ‘காஃபிர்’ என்றார்கள். அரபியில் அதன் வேர் ‘மூடுதல்’. உண்மையை மூடி மறைப்பவன், நம்பிக்கை இல்லாதவன் என்று பொருள். விதையை மண்ணால் மூடுவதால் உழவருக்கும் அச்சொல் குர்ஆனில் ஓரிடத்தில் வருகிறது.

போர்த்துக்கேயர் அதைக் கேட்டு ‘காஃப்ரே’ ஆக்கிக்கொண்டார்கள். அந்த வணிகர்களின் கணக்கில் சிலுவைக் கொடியோடு வந்திறங்கிய தாங்களும் காஃபிர்கள்தாம் என்பது அவர்களை உறுத்தியதாகத் தெரியவில்லை! சமயம் உதிர்ந்துவிட்டது, தோலின் நிறம் ஒட்டிக்கொண்டது.

டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதைத் தென்னாப்பிரிக்காவில் கோசா மக்கள்மேல் ஏற்றினார்கள். 1779 முதல் 1879 வரை அவர்களோடு நடந்த எல்லைப் போர்களுக்கு அப்போது காஃபிர் போர்கள் என்றே பெயர். லண்டன் பங்குச் சந்தையில் தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பங்குகளுக்கும் அதே பெயர் வழங்கியது. கோசா மொழிக்கு 1834இல் இலக்கணம் எழுதிய பாதிரியார் வில்லியம் பாய்ஸ், நூலின் தலைப்பில் அதைக் ‘காஃபிர் மொழி’ என்றார். அந்த மொழியில் விவிலியம் வந்தது, மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். அப்போதும் அவர்கள் காஃபிர்களே.

ஆப்கானிஸ்தானில் நடந்தது வேறு. இந்துகுஷ் மலைகளில் பழைய தெய்வங்களை வணங்கியவர்களின் நாட்டை அக்கம்பக்கத்தார் காஃபிரிஸ்தான் என்றார்கள். 1895-96இல் அமீர் அப்துர் ரஹ்மான் படையெடுத்து அவர்களை இஸ்லாத்துக்கு மாற்றினார். பின்னர் நாட்டின் பெயரும் நூரிஸ்தான், அதாவது ஒளியின் நாடு என்றானது. வன்முறையால் வந்த மாற்றம்தான். ஆனாலும் அங்கே சமயம் மாறியதும் பெயர் கழன்றது. தென்னாப்பிரிக்காவில் எந்தச் சமயத்துக்குப் போனாலும் கழலவில்லை. சமயச் சொல் இனச் சொல்லாகிவிட்டதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சிக் காலத்தில் அச்சொல் வேலையாளையும் வழிப்போக்கரையும் இழிவுபடுத்தும் வசைச் சொல்லாகவே இருந்தது. இன்று தென்னாப்பிரிக்கர் பலர் அதை முழுதாக உச்சரிக்காமல் முதலெழுத்தை மட்டும் சொல்கிறார்கள். கறுப்பினக் காவலர்களை அச்சொல்லால் திரும்பத் திரும்பத் திட்டிய வெள்ளையினப் பெண்ணுக்கு 2018இல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

நம் பக்கம் இந்தச் சொல் ‘காப்பிரி’யாக வந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் காப்பிரி முத்தப்பனுக்குச் சுருட்டும் சாராயமும் படைக்கிறார்கள். 1663இல் டச்சுக்காரரிடம் கொச்சியை இழந்த போர்த்துக்கேயர், புதையலுக்குக் காவலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்று கூடவே புதைத்தார்கள் என்பது அங்கே வழங்கும் கதை.

இலங்கையில் புத்தளம் அருகே சிரம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களோ தங்களையே காப்பிரி என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். போர்த்துக்கேயரும் பின்வந்த ஆட்சியாளரும் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவந்தவர்களின் சந்ததி அவர்கள். பெரும்பாலும் கத்தோலிக்கர், போர்த்துக்கேயக் கலப்புமொழியில் பாடும் பாட்டு அவர்களின் சொத்து. தங்கள் பெயரை அவர்கள் வசையாகக் கருதுவதில்லை. அதைத் திருத்தச் சொல்ல வெளியாருக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அவர்கள் சொல்கிறார்களே என்று, தெருவில் போகும் ஆப்பிரிக்க மாணவரை நாம் அப்படி அழைப்பது வேறு சங்கதி.