ரயில் மாறும் இடம்

மும்பையில் தண்டவாளங்கள் பெரும்பாலும் வடக்கு தெற்காகவே நீண்டன. கிழக்கிலிருந்து மேற்கே போக வெகுகாலம் பஸ்தான் கதி. 2014 ஜூனில் வந்த 11.4 கி.மீ. வெர்சோவா - காட்கோபர் மெட்ரோ, அந்தேரியில் மேற்கு ரயில்வேயையும் காட்கோபரில் மத்திய ரயில்வேயையும் இணைத்தது. ஒரு மணிக்கு மேல் பிடித்த பயணம் இருபது நிமிடச் சொச்சமாயிற்று.

2017 செப்டம்பர் 29 அன்று எல்பின்ஸ்டன் ரோடு - பரேல் நடைபாலத்தில், மழை நேர நெரிசலில் 23 பேர் மாண்டனர். ரயில் எதுவும் தடம் புரளவில்லை; ரயில் மாறும் வழிதான் குறுகல். ரயில்வேயில் பொறியாளனாக இருந்த எனக்கு அது இன்றும் உறுத்தல்.

கை கால் நன்றாயிருந்தும் மூட்டு பிடித்துக்கொண்டால் நடக்க முடியுமா? புதிய பாதை எத்தனை கி.மீ. என்று மட்டும் கேட்காதீர்கள். படிக்கட்டு எவ்வளவு அகலம், வாசலில் பஸ் உண்டா, ஒரே டிக்கெட் போதுமா என்றும் கேளுங்கள். தினமும் ஏறி இறங்குபவர்கள் நம் பிள்ளைகள்.