பின் பிரேக் பிடித்துக்கொண்டதா? ஏர் அடிக்காதீர்கள்!

வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் சுங்குவார்சத்திரம் மெக்கானிக் கடைகளில் இந்தப் புகார் தவறாமல் வரும்: "அண்ணே, பின் பிரேக் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது." ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் ஷிஃப்டுக்கு ஓடுகிற பழைய ஸ்ப்ளெண்டர்களும் எக்ஸ்எல்களும்தான் பெரும்பாலும். வண்டி நின்றால் அன்றைய சம்பளம் போச்சு.

பைக்கைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லையா? பிரேக் ராடு நுனியில் இருக்கும் அட்ஜஸ்ட் நட்டைக் கழற்றுங்கள். சக்கரம் உடனே விடுபட்டால் பெடல் அச்சில் துரு, அல்லது யாரோ நட்டை அளவு மீறி முறுக்கியிருக்கிறார்கள். அப்போதும் அசையாவிட்டால் கோளாறு உள்ளே, அநேகமாகக் கேம்.

மிதிக்கும்போது திரும்பி, இரண்டு பிரேக் ஷூவையும் அகட்டி டிரம்மில் அழுத்துகிற இரும்பு அச்சுதான் கேம். அது நுழையும் துளையில் மழைத்தண்ணீரும் ஷூவில் ஒட்டியிருக்கும் லைனரின் தூளும் சேர்ந்து இறுகினால், திருப்பி இழுக்க ஸ்பிரிங்குக்குத் தெம்பு போதாது. சக்கரத்தைப் பிரித்து, கேமில் லீவர் உட்கார்ந்த இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு கேமைத் தட்டி எடுத்து, எமரித் தாளால் துருவைத் தேய்த்து, கிரீஸை லேசாகப் பூச வேண்டும். லைனரில் கிரீஸ் பட்டால் பிரேக்கே பிடிக்காது.

மழைக்காலக் குறிப்பு இவ்வளவுதான். எனக்கு உறுத்துவது வேறு. சக்கரத்தைப் பிரித்ததும் கடைப் பையன் ஏர் பைப்பை எடுத்து டிரம்மில் அடிக்கிறான். கறுப்புத் தூள் அவன் முகத்திலும் பக்கத்து டீ கிளாஸிலும் படிகிறது. பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இழை கலப்பது வழக்கம். அந்த இழை நுரையீரலில் தங்கினால் 20, 30 ஆண்டுகள் கழித்தும் புற்றுநோய் வரலாம்; ஆஸ்பெஸ்டாஸில் எந்த வகையும் விலக்கல்ல என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே தடை போட்டுவிட்டது. இங்கே முழுத் தடை இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் நலனுக்காக உச்ச நீதிமன்றம் 1995-ல் கொடுத்த தீர்ப்பும் ரோட்டோரக் கடை வரை வந்து சேரவில்லை.

பிரேக் சூட்டில் இழையில் பெரும்பகுதி உருமாறிவிடும், மிஞ்சுவது சொற்பம் என்பவர்கள் உண்டு. இருக்கட்டும். அந்தச் சொற்பத்தை நாள் முழுக்க, வண்டிக்கு வண்டி மூச்சில் இழுப்பவன் அந்தப் பையன்தானே?

அடுத்த முறை பின்சக்கரத்தைப் பிரிக்கும்போது ஏர் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்துத் துணியைக் கவரில் கட்டிப் போடு என்று சொல்லுங்கள். புது ஷூ வாங்கினால் அட்டையில் 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லை' என்று அச்சிட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.