கனரக யந்திரங்களும் சாலைச் சட்டமும்

நெடுஞ்சாலையில் இரவுப் பிரயாணம் செய்தவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். முன்னே சிவப்புக் கொடி கட்டிய ஜீப் ஒன்று. அதன் பின்னே, நீண்டதொரு டிரெய்லரின்மேல் மண் தோண்டும் யந்திரம் ஒன்று, தேர் அசைந்து வருவதுபோல் சாலையை அடைத்துக்கொண்டு வரும். பின்னால் காத்திருக்கும் பஸ் பிரயாணிகள் சலித்துக்கொள்வது இயல்பே. ஆனால் அவ்வண்டியை ஓட்டுபவர் நம் தமிழ் இளைஞராகவே இருக்கக்கூடும். திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகள் செல்லாத மாநிலம் அரிது. நாமக்கல் லாரிகளைப் பற்றிக் கூற வேண்டியதில்லை. ஆகவே இத்தொழிலை ஆளும் சட்டத்தை நம் குடும்பத்தார் ஓரளவு அறிந்திருத்தல் நலம். வழியில் வண்டி நிறுத்தப்படும்போது அதிகாரியின் முன்னே நிற்பவர் முதலாளி அல்லர், டிரைவரே.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுமே இதற்கு அடிப்படை. யந்திரம் தன் சக்கரங்களால் தானே ஓடிச் செல்கிறதா, அன்றி வேறொரு வண்டியின்மேல் சுமையாகச் செல்கிறதா என்பதே முதற் கேள்வி. ரப்பர் டயர் பூண்ட ஜேசிபி முதலியன ‘கட்டுமான உபகரண வாகனம்’ என்ற வகையைச் சேர்ந்தவை. சாலையில் ஓடுவது இவற்றிற்கு இடையே நேரும் சிறு வேலை. வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. இவை 3 மீட்டர் அகலம் வரை இருக்கலாம், 2.6 மீட்டரை மிஞ்சினால் அப்பகுதியில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை தீட்ட வேண்டும். இவற்றிற்குப் பதிவு தேவையில்லை என்று எண்ணுவோர் இன்னும் உளர். மண் தோண்டும் யந்திரமும் ரோடு ரோலரும் மோட்டார் வாகனங்களே என்று 2001-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது.

இரும்புச் சங்கிலிப் பட்டைமேல் நகரும் யந்திரத்தின் கதை வேறு. ஹிட்டாச்சி என்று நம்மவர் பொதுவாக அழைக்கும் அதனைத் தார்ச்சாலையில் நடத்திச் செல்ல இயலாது. லோபெட் டிரெய்லரில் ஏற்றியே கொண்டுசெல்ல வேண்டும். 20 டன் எடையுள்ள ஹிட்டாச்சியை எடுத்துக்கொள்வோம். தகுந்த அச்சுகள் உள்ள டிரெய்லருக்கு அந்த எடை ஒரு பொருட்டன்று. ஆனால் அதன் பட்டைகளின் அகலம் ஏறத்தாழ 2.8 மீட்டர், சாதாரண வண்டிக்கு 93-ஆம் விதி அனுமதிக்கும் அகலமோ 2.6 மீட்டர். எடை மேடையில் தேறிய வண்டி, அகலத்தில் ஒரு சாண் அளவு மிஞ்சியதால் குற்றவாளியாகிறது! எடைச் சீட்டு கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் புறப்படுவோர் இவ்விடத்தில்தான் சிக்கிக்கொள்கின்றனர்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அதிக பாரத்திற்கு அபராதம் 20,000 ரூபாய். மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். சுமை பக்கவாட்டிலோ உயரத்திலோ அளவு மீறி நீண்டிருந்தால் தனியே 20,000 ரூபாய். சுமையைச் சரிசெய்த பிறகே வண்டி நகரலாம். நெல் மூட்டையானால் இறக்கி அடுக்கலாம். ஹிட்டாச்சியை எவ்வாறு அடுக்குவது? அதற்குரிய வழியையும் சட்டமே வைத்திருக்கிறது. குறிப்பிட்ட சுமைக்கு உரிய அதிகாரி முன்கூட்டியே விலக்கு அளித்திருந்தால் அந்தப் பிரிவு செல்லாது. அந்த அனுமதித் தாளே டிரைவருக்குக் கவசம். ஓட்டுபவரை மட்டுமன்றி, ஓட்டச் செய்பவரையும் சட்டம் பொறுப்பாக்குகிறது என்பதையும் நம் பிள்ளைகள் மறத்தலாகாது. ‘நீ போ, வழியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும் முதலாளியிடம் எடுத்துக்காட்டத் தக்க விஷயம் இது.

அனுமதியில் வழித்தடமும் வண்டியின் எண்ணும் குறிக்கப்பட்டிருக்கும். குறுக்கு வழி கிடைத்ததென்று திரும்பிவிடக் கூடாது. தேசிய நெடுஞ்சாலைக்கு மத்திய அமைச்சகத்திடமும், மாநிலச் சாலைகளுக்கு அந்தந்த மாநிலத்திடமும் அனுமதி பெற வேண்டும். இத்தனை கெடுபிடிக்கும் காரணம் பாலங்களே. 385 டன் வரையுள்ள விசேஷ வண்டியைத் தாங்குமாறு பாலங்களை வடிவமைக்க இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறையில் இடமுண்டு. ஆயினும் அவ்வண்டி பாலத்தின் நடுக்கோட்டை ஒட்டி, மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில், வேறு வண்டி எதுவும் பாலத்தில் இல்லாதபோதுதான் கடக்க வேண்டும். பழைய பாலங்களுக்கு அந்த வலிமையும் இராது.

மகாராஷ்டிரத்திலிருந்து திருவனந்தபுரத்து விண்வெளி மையத்திற்கு 70 டன் யந்திரம் ஒன்று 74 சக்கர வண்டியில் 2019 ஜூலையில் புறப்பட்டது. போய்ச் சேர்ந்தது 2020 ஜூலையில்! இடையில் ஊரடங்கும் குறுக்கிட்டது. மரக்கிளைகளை வெட்டியும் மின்கம்பிகளை அகற்றியும் வழி செய்தவாறு முப்பதுக்கு மேற்பட்டோர் உடன் சென்றனர்.

சரக்கு வரிச் சட்டமும் இத்தாமதத்தை அறியும். இ-வே பில் சாதாரணச் சரக்கிற்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும். அளவு மீறிய, பிரிக்க இயலாத சரக்கிற்கு 20 கிலோமீட்டருக்கே ஒரு நாள் அளிக்கப்படுகிறது. சுமார் 350 கிலோமீட்டர் கொண்ட சென்னை-பெங்களூர்ப் பயணத்திற்கு முன்னதில் 2 நாள், பின்னதில் 18 நாள். பில் எழுதும் குமாஸ்தா வகையை மாற்றிக் குறித்தால், வழியிலேயே கெடு முடிந்து வண்டி முடங்கும்.

இவை யாவும் பணத்தோடு போகும். உயிரைக் கேட்பது மின்கம்பி. சாலையைக் கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி 5.8 மீட்டருக்கும், 11 கிலோவோல்ட் கம்பி 6.1 மீட்டருக்கும் கீழே இருத்தலாகாது என்பது விதி. தொய்ந்த கம்பி விதியைப் படிப்பதில்லை. தார் மேல் தார் போட்டுச் சாலையும் உயர்ந்துகொண்டே போகிறது. ஆதலின், யந்திரத்தை ஏற்றிச் சங்கிலி பூட்டிய பின்னர் மொத்த உயரத்தை அளந்து கண்ணாடிக்கு அருகில் எழுதி வைப்பது வழக்கமாக வேண்டும். எவ்வளவு முயன்றும் கம்பி உரசிவிட்டால், டிரைவர் கேபினைவிட்டு இறங்கலாகாது. அருகில் வருவோரையும் தடுத்து, மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்தும்வரை உள்ளேயே இருக்க வேண்டும். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமானால், வண்டியையும் தரையையும் ஒருசேரத் தொடாமல், இரு பாதங்களையும் சேர்த்துத் தாவிக் குதித்து, பாதங்களைப் பிரிக்காமல் சிறு தாவலாகவே அப்பால் செல்ல வேண்டும்.